குடிக்காதவனுக்கு வந்த கணைய அழற்சி: வலியோடும் காப்பீட்டுக் கோப்போடும் பட்ட பாடு

கணையக் கற்களுக்கும் பித்தநாள அடைப்புக்கும் நான் செய்துகொண்ட சிகிச்சைக்கான காப்பீட்டுத் தொகை சென்ற வாரம்தான் வங்கிக் கணக்கில் வந்து சேர்ந்தது. பணம் வந்ததைவிட, "மதுப் பழக்கத்தால் ஏற்பட்ட நோய்" என்று என் கோப்பில் எழுதியிருந்ததை நிறுவனம் கைவிட்டதில்தான் எனக்கு நிம்மதி. இதே நோயோடு இருப்பவர்களுக்கும் அவர்கள் வீட்டாருக்கும் பயன்படும் என்று நடந்ததை எழுதுகிறேன்.

வலியைப் பற்றி முதலில் சொல்லிவிட வேண்டும். பள்ளிக்கூட நாட்களிலேயே விட்டு விட்டு வந்த வயிற்றுவலி, முப்பது வயதைத் தாண்டிய பிறகு விடாத வலியாக மாறியது. மேல்வயிற்றில் தொடங்கி முதுகுக்குள் ஊடுருவிப் போகும். மல்லாந்து படுத்தால் கூடும். முன்னால் குனிந்து, தலையணையை வயிற்றோடு அணைத்தபடி கட்டில் விளிம்பில் உட்கார்ந்தால் சற்றே தணியும். இரவுகள் பெரும்பாலும் அப்படித்தான் கழிந்தன. சாப்பிட்டால் வலிக்கிறது என்பதால் சாப்பாட்டின் மேலேயே பயம் வந்து, உடல் இளைத்து, சட்டைகள் தொளதொளத்தன. அக்கம்பக்கத்தில் எல்லோரும் சொன்னது ஒன்றுதான்: கேஸ் டிரபிள். சோம்புத் தண்ணீர், ஓமத் தண்ணீர், அமிலத்தைக் குறைக்கும் மாத்திரை என்று ஆண்டுகள் போயின.

மருத்துவர்களும் நீண்ட காலம் அதையே சொன்னார்கள் என்பதுதான் என் ஆதங்கம். எண்டோஸ்கோப்பி செய்தார்கள், இரைப்பை சுத்தமாக இருந்தது. கணையம் சுரக்கும் நொதிகளான அமைலேஸ், லைப்பேஸ் இரண்டும் இயல்பு என்று ரத்தப் பரிசோதனை வந்ததும், "எல்லாம் நார்மல், கவலையைக் குறையுங்கள்" என்று அனுப்பிவிட்டார்கள். எண்டோஸ்கோப்பிக் குழாய் இரைப்பையையும் முன்சிறுகுடலையும் காட்டும். அதற்குப் பின்னால் இருக்கும் கணையத்தைக் காட்டாது. நாள்பட்ட கணைய அழற்சியில் அந்த இரண்டு நொதிகளும் ரத்தத்தில் உயராமலேயே இருக்கலாம், ஏனென்றால் அவற்றைச் சுரக்கும் திசுவே வற்றிப்போயிருக்கும். முதுகுக்குப் பரவும் மேல்வயிற்று வலியோடு எடைக்குறைவும், தண்ணீர் ஊற்றினாலும் போகாமல் எண்ணெய்ப் பசையோடு மிதக்கும் மலமும், குடும்பத்தில் யாருக்கும் இல்லாத சர்க்கரை நோயும் சேர்ந்து வந்தால், கணையத்துக்கான சி.டி. ஸ்கேன் தேவையா என்று நீங்களே வாய்விட்டுக் கேளுங்கள். நான் பார்த்த மருத்துவர்களில் ஒருவர் மட்டும், உள்ளங்கையால் என் மேல்வயிற்றை அழுத்திப் பார்த்துவிட்டு, மற்ற எதையும் விட என் எடைச் சீட்டுகளை வரிசையாக அடுக்கிப் படித்தார். அவர் எழுதிய ஸ்கேனில்தான் கணையக் குழாய் முழுக்கக் கற்கள் வெள்ளை வெளேரென்று தெரிந்தன.

நோய் முற்றியது மஞ்சள் காமாலையோடு. கல்லீரலிலிருந்து குடலுக்குப் பித்தத்தைக் கொண்டுபோகும் பித்தநாளம் கணையத்தின் தலைப்பகுதியை ஊடுருவிக் கீழே இறங்குகிறது; அங்கே வீக்கமும் தழும்பும் கூடினால் நாளம் நெருக்கப்படும். எனக்குச் சிறுநீர் கட்டங்காப்பி நிறத்தில் போயிற்று, உடம்பெல்லாம் அரித்தது, பிறகு குளிர்நடுக்கத்தோடு காய்ச்சல் வந்தது. அடைபட்ட பித்தநாளத்தில் கிருமி புகுந்ததற்கான அறிகுறி அது. விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாத நேரம். கோயம்புத்தூரில் ஒரு தனியார் மருத்துவமனையின் அவசரப் பிரிவில் நள்ளிரவுக்குப் பிறகு சேர்த்தார்கள். பணியில் இருந்த இளம் மருத்துவர், வலியில் சுருண்டு கிடந்த என்னிடம் கேட்ட முதல் கேள்வி, "டெய்லி குடிப்பீங்களா?" என்பது. இல்லை என்றேன். "உண்மையச் சொல்லுங்க, டிரீட்மென்ட்டுக்காகத்தான் கேக்குறேன்" என்றார். கேட்க வேண்டிய கேள்விதான், அதில் எனக்குக் குறை இல்லை. பதிலை நம்பாமல் அவர் என்ன எழுதினார் என்பது பல மாதங்கள் கழித்தே எனக்குத் தெரிய வந்தது.

சிகிச்சை, சொல்லப்போனால், நல்லபடியாகவே நடந்தது. பித்தநாளத்தையும் கணையக் குழாயையும் காட்டும் எம்.ஆர்.சி.பி. ஸ்கேன் எடுத்தார்கள். வாய் வழியாக எண்டோஸ்கோப்பிக் குழாயை விட்டு அந்த நாளங்களுக்குள் செய்யும் ஈ.ஆர்.சி.பி. சிகிச்சை மூலம், பித்தநாளம் திறந்திருக்க ஸ்டென்ட் என்ற சிறு பிளாஸ்டிக் குழாயை வைத்ததும் காமாலை இறங்கியது. கணையக் குழாயில் இருந்த கற்கள் 5 மில்லிமீட்டரைவிடப் பெரியவை என்பதால், வெளியிலிருந்து அதிர்வலை கொடுத்துப் பொடியாக்கி, பிறகு உள்ளே போய்த் துகள்களை எடுத்தார்கள். ஈ.ஆர்.சி.பி.க்குப் பிறகு நூறில் சிலருக்குப் புதிதாகக் கணைய அழற்சி கிளம்புவது உண்டு. அதைக் குறைக்க ஆசனவாயில் டைக்ளோபினாக் மருந்து வைப்பது வழக்கம். கொடுக்கிறார்களா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்வது நல்லது. பிளாஸ்டிக் ஸ்டென்ட் ஏறக்குறைய 3 மாதத்தில் அடைத்துக்கொள்ளத் தொடங்கும். வைத்த தேதியையும், மாற்ற வேண்டிய தேதியையும், எங்கே எத்தனை வைத்தார்கள் என்பதையும் வீட்டுச் சுவரில் தொங்கும் நாட்காட்டியிலேயே எழுதி வையுங்கள். மறந்துபோன ஸ்டென்ட்டால் மறுபடியும் காய்ச்சலோடு வந்து சேர்ந்த ஒருவர் பக்கத்துப் படுக்கையில் பட்ட அவதியை நேரில் பார்த்தேன்.

சிக்கல் தொடங்கியது வீட்டுக்குக் கிளம்பும் நாளில். முன்அனுமதி கொடுத்திருந்த காப்பீட்டு நிறுவனம், கடைசி பில்லுக்கு ஒப்புதல் தர மறுத்தது. உள்நோயாளிக் குறிப்புகள் முழுவதையும் பார்த்த பிறகே முடிவு என்றது. மனைவியின் வளையல்களை அடகு வைத்துப் பணம் கட்டிவிட்டு வெளியே வந்தோம். ஆவணங்களை எல்லாம் அனுப்பி, நினைவூட்டி, காத்திருந்த பிறகு வந்த கடிதத்தில், நோய் மதுப் பழக்கத்தின் விளைவு என்பதால் கோரிக்கை நிராகரிக்கப்படுவதாக இரண்டு வரி இருந்தது.

என் டிஸ்சார்ஜ் சம்மரியில் மது என்ற பேச்சே இல்லை. அப்படியானால் எங்கிருந்து எடுத்தார்கள் என்று கேட்டு, மருத்துவமனையின் பதிவேட்டுப் பிரிவுக்குப் போனேன். தாராபுரத்திலிருந்து பஸ்ஸில், குலுங்கும் ஒவ்வொரு பள்ளத்துக்கும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு போன பயணம் அது. "கேஸ் ஷீட்டெல்லாம் பேஷன்ட் கைல தர்றதில்லைங்க" என்று கவுண்டரில் இருந்தவர் திருப்பி அனுப்பினார். அடுத்த முறை போனபோது கையெழுத்துப் போட வேண்டியவர் விடுப்பில் இருந்தார்.

அதன் பிறகுதான் சட்டம் என்ன சொல்கிறது என்று விசாரித்தேன். இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002ஆம் ஆண்டு நடத்தை நெறி விதிகளின்படி, நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் மருத்துவப் பதிவுகளைக் கொடுக்க வேண்டும். உள்நோயாளிப் பதிவுகளை 3 ஆண்டுகள் பாதுகாக்கவும் வேண்டும். அந்த விதியைக் குறிப்பிட்டு, இரண்டு பிரதிகளில் மனு எழுதி, ஒன்றில் தேதியோடு முத்திரை வாங்கிக்கொண்டேன். வாயால் கேட்டபோது அசையாத கோப்பு, முத்திரை வாங்கிய பிறகு அசைந்தது. நகல் கைக்கு வந்ததும் பார்த்தால், அவசரப் பிரிவுக் குறிப்பின் முதல் பக்கத்தில், ரத்த அழுத்தத்துக்குக் கீழே, "ஆல்கஹால்?" என்று ஒரே ஒரு சொல், கேள்விக்குறியோடு. அந்தக் கேள்விக்குறியைத்தான் காப்பீட்டு நிறுவனம் தீர்ப்பாக எடுத்துக்கொண்டிருந்தது.

"டாக்டர் எழுதுனத நாங்க எப்படிங்க மாத்த முடியும்?" என்றார் கவுண்டர்காரர். அவர் சொன்னது சரி; எழுதியதை அடித்துத் திருத்தவும் கூடாது, அப்படிச் செய்தால் அதுவே சந்தேகத்துக்கு இடமாகும். எனக்கு ஈ.ஆர்.சி.பி. செய்த மூத்த மருத்துவர் வழி காட்டினார். பழைய குறிப்பைத் தொடாமல், புதிய தேதியிட்டு, மருத்துவமனையின் கடிதத்தாளில் ஒரு விளக்கச் சான்று எழுதிக் கொடுத்தார். நோயாளிக்கு மதுப் பழக்கம் இல்லை, பள்ளிப் பருவத்திலேயே வலி தொடங்கியிருக்கிறது, குழாய்க்குள் பெரிய கற்கள் உள்ளன, இளம் வயதிலேயே சர்க்கரை நோய் வந்திருக்கிறது, ஆகவே இது வெப்பமண்டலக் கணைய அழற்சி என்ற வகையைச் சேர்ந்தது என்பதே அதன் சாரம். இந்த வகை நம் பக்கத்துக்குப் புதியது அல்ல. கேரளத்தில் மருத்துவர் கீவர்கீஸ் 1960களிலேயே, மதுவைத் தொடாத இளம் நோயாளிகளிடம் இதைப் பெரிய அளவில் ஆராய்ந்து எழுதியிருக்கிறார். மரவள்ளிக்கிழங்குதான் காரணமோ என்று வெகுகாலம் சந்தேகப்பட்டார்கள். பிறகு பல நோயாளிகளிடம் ஸ்பிங்க்1 என்ற மரபணுவில் மாற்றம் இருப்பது கண்டறியப்பட்டது. எனக்கும் அந்தப் பரிசோதனையைச் செய்து, மாற்றம் இருப்பதாக வந்த அறிக்கையைச் சான்றோடு இணைத்தோம். காப்பீட்டுக்காக எல்லோரும் அந்தப் பரிசோதனைக்குச் செலவழிக்கத் தேவையில்லை. சிறு வயதில் வயிற்றுவலிக்குக் காட்டிய பழைய சீட்டுகள் இருந்தால் அவையே வலுவான சாட்சி. என் அம்மா ரேஷன் கார்டோடு சேர்த்து வைத்திருந்த, மடிப்பில் கிழிந்துபோன ஒரு அரசு மருத்துவமனைச் சீட்டு எனக்கு மிகவும் கைகொடுத்தது.

நிறுவனத்தின் குறைதீர் அலுவலருக்கு முதலில் எழுத வேண்டும். 30 நாட்களுக்குள் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் ஏற்கும்படி இல்லாவிட்டாலோ, ஓராண்டுக்குள், காப்பீட்டுப் புகார்களை விசாரித்துத் தீர்க்கும் அதிகாரியான காப்பீட்டு ஆம்புட்ஸ்மேனிடம் முறையிடலாம். தமிழ்நாட்டுக்கான அலுவலகம் சென்னையில் இருக்கிறது. கட்டணம் கிடையாது, வழக்கறிஞர் தேவையில்லை, இணையவழியே புகாரைப் பதியலாம். நிராகரிப்புக் கடிதம் எழுத்தில் இருப்பது முக்கியம். தொலைபேசியில் சொல்வதை வைத்து எதையும் செய்ய முடியாது. என் புகார் பதிவாகி, விசாரணைக்கு வரும் முன்பே நிறுவனம் இறங்கி வந்தது. கையுறை, பஞ்சு போன்ற சில்லறை இனங்களைக் கழித்துக்கொண்டு மீதியைக் கொடுத்தார்கள். அடகு வளையல்களை மீட்டுவிட்டோம்.

வலி முற்றிலும் போய்விடவில்லை. முன்பு நாள் முழுக்க இருந்தது இப்போது வாரத்தில் சில நாட்களாகக் குறைந்திருக்கிறது. நரம்பின் வலியுணர்வைத் தணிக்க ப்ரீகாபலினும், வலி மிஞ்சும்போது டிரமடாலும் எழுதியிருக்கிறார்கள். டிரமடால் 2018 முதல் போதைப்பொருள் சட்டத்தின் கட்டுப்பாட்டில் இருப்பதால், சீட்டு இல்லாமல் மருந்துக் கடையில் தரமாட்டார்கள், தரவும் கூடாது. ஆகவே மாத்திரை தீரும் முன்பே புதிய சீட்டு வாங்கி வைத்துக்கொள்கிறேன். கடைக்காரர் சந்தேகத்தோடு ஏற இறங்கப் பார்ப்பதற்குச் சீட்டோடு டிஸ்சார்ஜ் சம்மரியின் நகலையும் நீட்டுவதுதான் பதில். கணையம் சுரக்காத செரிமான நொதிகளுக்கு ஈடாகத் தரும் நொதி மாத்திரையை வெறும் வயிற்றில் போட்டுப் பயனில்லை. முதல் கவளத்தோடு ஒன்று, நடுவில் ஒன்று என்று உணவோடு கலக்கும்படி விழுங்க வேண்டும். இதை எனக்குச் சொன்னது உணவியல் நிபுணர். மருந்துச் சீட்டில் "சாப்பாட்டுக்கு முன்" என்றே அச்சடித்திருந்தது. இன்சுலின் போடுபவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: கணையம் கெட்டதால் வரும் இந்த வகைச் சர்க்கரை நோயில் சர்க்கரையை உயர்த்தும் குளுக்ககான் என்ற ஹார்மோனும் குறைந்துவிடுவதால், தாழ்சர்க்கரை திடீரென்று வரும். சட்டைப்பையில் இனிப்பு இல்லாமல் நான் வெளியே போவதில்லை.

பித்தநாள ஸ்டென்ட்டை மாற்றி மாற்றி ஓராண்டு வைத்துப் பார்த்த பிறகும் நெருக்கம் விலகாவிட்டால் அறுவை சிகிச்சைதான் என்று சொல்லியிருக்கிறார்கள். அடுத்த மாற்றம் ஆவணி மாதக் கடைசியில் வருகிறது. அந்த முறை அவசரப் பிரிவிலோ வார்டிலோ யார் என்ன எழுதினாலும், சேர்க்கைக் குறிப்பின் முதல் பக்கத்தை அன்றைக்கே படித்துக் காட்டும்படி கேட்கப் போகிறேன். விளக்கச் சான்றின் நகலை அந்தக் கோப்பிலேயே முதல் தாளாகச் சேர்க்கவும் மூத்த மருத்துவரிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.