தேர்வு குதிரைக்கு மனப்பாடம் ஆகக் கூடாது

சொன்னபடி குதிரையை நடத்திக் காட்டும் டிரெசாஜ் என்ற குதிரைச் சவாரிப் போட்டியில் வினாத்தாள் முன்கூட்டியே கையில் கிடைத்துவிடும். அரங்கைச் சுற்றி அடையாளமாக வைத்திருக்கும் எழுத்துகளில் எதில் நுழைய வேண்டும், எங்கே டிராட் என்னும் மெல்லோட்டம், எங்கே அதைவிட வேகமான கேன்டர், எங்கே அசையாமல் நிற்க வேண்டும் என்று வரிசையாக அச்சடித்திருக்கும். ஒவ்வொரு வரிக்கும் நடுவர் 0 முதல் 10 வரை மதிப்பெண் போடுவார். அதனால்தான் இதைத் தேர்வு என்றே சொல்கிறார்கள். முதல்முறை தயாராகிறவர்களுக்கு உதவட்டும் என்று என் அனுபவத்தை எழுதுகிறேன்.

நான் கற்றுக்கொண்டது ஒரு குடும்பம் நடத்தும் லாயத்தில். ஐயா குதிரைகளைப் பழக்குவார், அவருடைய மகள் சவாரி சொல்லிக்கொடுப்பார். அவரை நான் அக்கா என்று கூப்பிடுவேன். முதல் ஆறு வாரம் அக்கா தேர்வுத் தாளைக் கண்ணிலேயே காட்டவில்லை. குதிரையைத் தேய்த்துவிடுவது, கயிற்றில் பிடித்து நடத்துவது, குளம்பு சுத்தம் செய்வது, இவ்வளவுதான் வேலை.

அந்தக் குளம்பு வேலையில்தான் முக்கியமான பாடமே கிடைத்தது. தோளிலிருந்து கீழே கையை ஓட்டி, முன்னங்காலின் பின்புறம் விரலால் லேசாக அழுத்தினால் குதிரை காலைத் தூக்கும். நான் அழுத்திக்கொண்டே இருந்தேன். பெட்டைக்குதிரை காதைப் பின்னால் மடித்து, எடை முழுவதையும் அந்தக் காலிலேயே போட்டு நின்றது. ஐயா பக்கத்தில் வந்து குனிந்தார். "அது எடையை அந்தப் பக்கம் மாத்துது பாரு, அப்பவே விரலை எடு. விட்டாத்தாம்மா அதுக்குப் புரியும், கேட்டதைச் சரியா செஞ்சோம்னு" என்றார். அடுத்தமுறை எடை நகர்ந்த நொடியிலேயே விரலை எடுத்தேன். நாலாவது தடவை தொட்டதுமே கால் மேலே வந்தது. அழுத்தம் எந்த நொடியில் விலகுகிறதோ, அந்த நொடியில் செய்ததைத்தான் குதிரை பிடித்துக்கொள்கிறது. சேணத்தில் ஏறிய பிறகும் இதே கணக்குதான். காலால் கேட்கிறோம், அது முன்னே வந்ததும் காலைத் தளர்த்துகிறோம். தளர்த்த மறந்தால் ஒரு மாதத்தில் நம் காலின் அழுத்தம் குதிரைக்கு உறைக்காமல் போகும், அப்புறம் சவுக்கைத் தேட வேண்டியிருக்கும்.

தாள் கைக்கு வந்ததும் நான் செய்த தவறு, தினமும் முழுத் தேர்வையும் தொடக்கத்திலிருந்து கடைசிவரை ஓட்டிப் பார்த்தது. இரண்டாவது வாரம் பெட்டைக்குதிரைக்கு எல்லாம் அத்துப்படி ஆகிவிட்டது. கேன்டர் எடுக்க வேண்டிய மூலைக்கு இரண்டு எட்டு முன்னாலேயே உடம்பை இறுக்கிக்கொண்டு பாயும். நடுக்கோட்டில் திரும்பினாலே அரங்கின் நடுப்புள்ளியான எக்ஸில் தானாக நின்றுவிடும். நான் கேட்பதற்காக அது காத்திருக்கவே இல்லை. அக்கா தாளை வாங்கி வைத்துக்கொண்டு, "மனப்பாடம் நீ பண்ணு, அது பண்ணக் கூடாது" என்றார்.

சரி, எப்படி மனப்பாடம் செய்தேன்? சிறிய அரங்கம் 20 மீட்டருக்கு 40 மீட்டர். தரையில் சாக்பீஸால் அதே விகிதத்தில் ஒரு செவ்வகம் வரைந்து, ஏ-யில் தொடங்கி கடிகாரச் சுற்றில் கே, ஈ, ஹெச், சி, எம், பி, எஃப் என்று எழுத்துகளைப் போட்டேன். வாயால் சொல்லிக்கொண்டே அதற்குள் நடந்தேன். டிராட் வரும் இடத்தில் நானும் மெல்ல ஓடினேன். காலில் ஏறிய பாடம் பதற்றத்தில் மறப்பதில்லை. தொடக்கநிலைப் போட்டிகள் பலவற்றில் வெளியே நின்று ஒருவர் வாசித்துக் கொடுக்கலாம், ஆனால் காற்றில் குரல் கேட்காமல் போகும் நாளும் உண்டு. குதிரையோடு பழகும்போது தேர்வைத் துண்டு துண்டாக உடைத்து, வரிசையை மாற்றி, இடப்பக்கமும் வலப்பக்கமும் சுற்றிச் செய்தோம். எக்ஸில் நிற்பதற்குப் பதிலாகப் பல நாள் நிற்காமலே கடந்து போனோம்.

வட்டங்களுக்குத் தனியாக ஒரு வாரம் ஒதுக்குங்கள், அது வீண்போகாது. ஏ-யில் போடும் 20 மீட்டர் வட்டம் சரியாக எக்ஸ் வழியாகப் போக வேண்டும். நீளப் பக்கத்தை மூலையிலிருந்து 10 மீட்டரில் தொட வேண்டும். கே, எஃப் எழுத்துகள் மூலையிலிருந்து 6 மீட்டரிலேயே இருக்கின்றன. எழுத்தைப் பார்த்துத் தொட்டால் வட்டம் முட்டையாகிவிடும். நான் அந்தப் 10 மீட்டர் புள்ளிகளில் கூம்பு வைத்துப் பழகினேன். குதிரை ஒரு அடிகூடக் கூடுதலாகக் கற்காமல் என் மதிப்பெண் ஏறியது இந்த ஒன்றில்தான்.

குதிரை புதுப் பொருள்களைக் கண்டு மிரளாமல் இருக்கவும் முன்கூட்டியே பழக்க வேண்டும். குடை, தார்ப்பாய், பூந்தொட்டி எல்லாவற்றையும் லாயத்திலேயே காட்டிவிட்டோம். வண்டியில் ஏற்றி இறக்குவதையும் பல வாரம் முன்பே தொடங்கினோம்.

போட்டி நாளில் பயிற்சி மைதானத்தில் எதிரே வருபவரை இடக்கைக்கு இடக்கையாகக் கடக்க வேண்டும் என்பதை மறக்காதீர்கள். அங்கேயே குதிரையைக் களைக்க வைத்துவிடவும் கூடாது. எனக்கு 25 நிமிடம் போதுமாக இருந்தது. உள்ளே போனதும் வலப்பக்க கேன்டரைக் குதிரை தவறான காலில், அதாவது வலது முன்னங்காலுக்குப் பதில் இடது முன்னங்கால் முன்னே வர, எடுத்தது. நெஞ்சு அடைத்தது. அக்கா சொன்னது ஞாபகம் வந்தது: அது அந்தக் கட்டத்தோடு முடிந்தது, அடுத்த கட்டம் காலியாக இருக்கிறது. டிராட்டுக்கு இறக்கி, மறுபடி கேட்டேன், சரியான காலில் வந்தது. அந்த வரிக்கு 4, அதற்கு அடுத்த வரிக்கு 7. வழி மறந்து மணி அடித்தாலும் இதேதான். நின்று, நடுவர் சொல்வதைக் கேட்டு, விட்ட இடத்திலிருந்து தொடருங்கள். கழிவது சில புள்ளிகள்தான்.

முதல் தேர்வில் எனக்கு 58 சதவீதம். மூன்றாவதில் 64. மூன்று தாள்களையும் சேண அறையில் பக்கம் பக்கமாக வைத்துப் பார்த்தபோதுதான் ஒரு வரி கண்ணில் பட்டது. கடிவாள வாரை நீளமாக விட்டு, குதிரை கழுத்தை நீட்டித் தாழ்த்தி நடக்கும் நடை. மூன்றிலும் 5, 5, 5. என் தாளில் அந்த வரிக்கு மதிப்பெண் இரட்டிப்பு. நானோ அதை இளைப்பாறும் இடமாகவே நினைத்து வந்திருக்கிறேன்.

இப்போது பயிற்சி முடிந்து லாயத்துக்குத் திரும்பும் வழி முழுக்க அந்த நடைதான். ஈரமண் இருக்கும் இடத்தில் இறங்கித் தடத்தைப் பார்ப்பேன். பின்குளம்பு முன்குளம்பின் தடத்தைத் தாண்டி விழ வேண்டும். போன மாதம் அதன் மேலேயே விழுந்துகொண்டிருந்தது. நேற்று நான்கு விரல் தாண்டியிருந்தது.