உப்புக்காற்றில் ஒரு மெயில் சர்வர்

மண்டபத்தில் எங்கள் வீட்டு ஜன்னலைத் திறந்தால் கடல். பார்க்க அழகுதான், பக்கத்தில் சர்வர் வைக்கத்தான் ஆகாது. அது அப்புறம் தெரிந்தது.

என் மெயிலை வீட்டிலேயே வைத்துக்கொள்ள, பழைய லேப்டாப்பில் டெபியன் என்ற லினக்ஸ் போட்டேன். பேட்டரி உள்ளேயே இருப்பதால் தனியாக யுபிஎஸ் வாங்க வேண்டாம் என்று கணக்கு. மெயில் அனுப்பவும் வாங்கவும் போஸ்ட்பிக்ஸ், பெட்டியைத் திறந்து படிக்க டவ்காட். ஒரே ஞாயிற்றுக்கிழமையில் முடிந்துவிட்டது. ஆனால் வெளியே ஒரு மெயில்கூடப் போகவில்லை. மெயில்க்யூ என்று தட்டினால் எல்லாம் வரிசையில் நிற்கிறது, கீழே ‘கனெக்‌ஷன் டைம்டு அவுட்’. இரண்டு நாள் கான்பிகரேஷன் பைலைக் குடைந்தேன். அதில் தப்பே இல்லை. வைரஸ் பிடித்த கம்ப்யூட்டர்கள் ஸ்பேம் அனுப்பாமலிருக்க, சர்வருக்குச் சர்வர் மெயில் போகும் வழியான 25ஆம் போர்ட்டை வீட்டு இணைப்புகளில் இணைய நிறுவனங்கள் அடைத்துவைப்பது வழக்கமாம். போதாக்குறைக்கு ரூட்டரில் தெரிந்த ஐபி 100.64 என்று தொடங்கியது. பல வீடுகளுக்கு ஒரே பொது ஐபியைப் பங்குபோடும் ஏற்பாடு அது. வெளியிலிருந்து யாரும் நம் வீட்டுக் கதவைத் தட்டவே முடியாது.

சரியென்று டேட்டா சென்டரில் ஓடும் ஒரு சின்ன சர்வரை, விபிஎஸ் என்பார்கள், மாத வாடகைக்குப் பிடித்தேன். நிலையான ஐபி அதில், மெயில்கள் வீட்டில், நடுவில் இரண்டையும் இணைக்கும் விபிஎன் சுரங்கமாக வயர்கார்ட். “அப்ப அது எப்படிடா வீட்டு சர்வர்?” என்று சிங்கப்பூரிலிருந்து அண்ணன் கிண்டல். தபால் பெட்டி தெருமுனையில் இருந்தால் என்ன, கடிதம் என் மேஜையில்தானே!

மெயில் நிஜமாகவே என் டொமைனிலிருந்துதான் வருகிறது என்று காட்டும் எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க் எல்லாம் டிஎன்எஸ் என்ற இணைய விலாசப் புத்தகத்தில் எழுதியும் அண்ணனுக்குப் போன முதல் மெயில் ஸ்பேமில் விழுந்தது. பிடிஆரை மறந்திருந்தேன். ஐபியைக் கொடுத்து யார் நீ என்று கேட்டால் என் சர்வர் பெயரைச் சொல்ல வேண்டும். அதுவோ விபிஎஸ்காரர்கள் வைத்த ஏதோ நீளப் பெயரைச் சொல்லிக்கொண்டிருந்தது. அதை என் டொமைன் பக்கத்தில் மாற்ற முடியாது, விபிஎஸ் பேனலில்தான் மாற்ற வேண்டும்.

ஆறு மாதம் ஓடியது. பிறகு நெட் வருவதும் போவதுமாக இருந்தது. லேன் ஒயரைப் பிடுங்கிப் பார்த்தால், முனையில் இருந்த பின்களில் பாசி பிடித்ததுபோல் பச்சை. அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, “வாசப் பூட்டுக்கே மாசம் ஒருக்கா எண்ணெய் விடுறோம், இத ஜன்னலோரம் வச்சா?” என்றாள். முனையை வெட்டி வேறு மாட்டினேன். லேப்டாப் இப்போது நடு ரூமில், அரிசி டிரம்முக்குப் பக்கத்தில்.

போன மழையில் 9 மணி நேரம் கரண்ட் இல்லை. நான் நம்பிய பேட்டரி இரண்டு மணி நேரத்தில் கண்ணை மூடிவிட்டது. ஆனாலும் மெயில் ஒன்றுகூடத் தொலையவில்லை. வந்ததையெல்லாம் விபிஎஸ்ஸில் இருக்கும் போஸ்ட்பிக்ஸ் வாங்கி வைத்துக்கொண்டு, வீடு எழுந்ததா என்று திரும்பத் திரும்பத் தட்டிப் பார்த்திருக்கிறது. நாம் எதையும் மாற்றாவிட்டால் 5 நாள் வரை அப்படிக் காத்திருக்கும். கரண்ட் வந்ததும் சரசரவென்று இறங்கின. அதில் அண்ணனுடையதும் ஒன்று, மத்தியானமே அனுப்பியது: “சர்வர் உயிரோட இருக்காடா?”