'ப'வில் தொடங்கும் என் பேர்

மதுரை பெரியார் பேருந்து நிலையத்தில் ஏறினால் ஹார்விபட்டிக்குத்தான் டிக்கெட் கேட்பேன். இறங்குவது பசுமலையில். எனக்குத் திக்குவாய். 'ப' வந்தால் உதடு பூட்டிக்கொள்ளும். ஊர்ப் பேரை மாற்றிச் சொல்லிச் சமாளித்துவிடலாம். என் பேரும் 'ப'வில்தான் தொடங்குகிறது, அதை என்ன செய்வது?

சின்ன வயதில் ஞானஸ்நானம் பெற்றவர்கள் வளர்ந்ததும் தங்கள் விசுவாசத்தைத் தாங்களே அறிக்கையிடுவதுதான் திடப்படுத்தல். எங்கள் சபையில் அதை எடுப்பவர்கள் ஒவ்வொருவராக முன்னால் வந்து, பேர் சொல்லி, பேராயர் முன் முழங்கால் போட வேண்டும். பள்ளியில் ஓர் ஆசிரியர் என்னைப் போலவே திக்கிக் காட்டி வகுப்பையே சிரிக்க வைத்திருந்தார். அந்தப் பயத்தில் பதினைந்து வயதில் எடுக்க வேண்டியதை எடுக்கவில்லை. அதை எடுத்தவர்களுக்குத்தான் திருவிருந்தின் அப்பமும் ரசமும். அதற்கு எல்லோரும் எழுந்து போக, முப்பத்தொரு வயதுவரை பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தேன்.

அம்மா இறந்த பிறகுதான் எங்கள் சபைப் போதகரான ஆயரிடம் பேர் கொடுத்தேன், ஒரு துண்டுத்தாளில் எழுதி.

எட்டு ஞாயிறு வகுப்பு. கூட இருந்தவர்கள் ஒன்பது, பத்து படிக்கும் பிள்ளைகள். பத்துக் கட்டளைகள், கர்த்தருடைய ஜெபம், விசுவாசப் பிரமாணம் எல்லாம் மனப்பாடமாகச் சொல்ல வேண்டும். 1834இல் அமெரிக்க மிஷனரிகள் மதுரையில் ஊழியம் தொடங்கியது, 1947 செப்டம்பர் 27 அன்று தென்னிந்தியத் திருச்சபை உருவானது என்று சபை வரலாறும் உண்டு.

விசுவாசப் பிரமாணத்தில் பிதா, பொந்தியு பிலாத்து, பரிசுத்த ஆவி என்று 'ப' வரிசையாக நிற்கும். சபையோடு சேர்ந்து சொன்னால் ஓரிடத்திலும் நிற்காது. திக்குபவர்கள் பலருக்கும் அப்படித்தான்; பாடும்போதும் கூட்டத்தோடு சொல்லும்போதும் நாக்கு சுலபமாகப் புரளும். மூன்றாம் ஞாயிறு ஆயர் என்னைத் தனியாகச் சொல்லச் சொன்னார். 'பிதா'விலேயே நின்றுவிட்டேன். பிள்ளைகள் தரையைப் பார்த்தார்கள்.

ஆயர் ஒன்றும் சொல்லாமல் வேதாகமத்தில் யாத்திராகமம் நான்காம் அதிகாரத்தைத் திறந்து கொடுத்தார். தன் சார்பில் போய்ப் பேசும்படி கர்த்தர் அனுப்பும்போது, 'நான் திக்குவாயும் மந்தநாவும் உள்ளவன்' என்கிறான் மோசே. சிறுவயதிலிருந்து கேட்ட வசனம்தான். ஆனால் அன்றுதான் ஒன்றைக் கவனித்தேன். நாக்கைச் சரிபண்ணித் தருகிறேன் என்று கர்த்தர் அங்கே சொல்லவே இல்லை. 'நான் உன் வாயோடே இருந்து' என்கிறார். இருபது வருஷமாக 'ஆண்டவரே, இதை எடுத்துப்போடும்' என்று ஜெபித்தவன் நான். அன்று ராத்திரி ஜெபத்தை மாற்றினேன்: 'என் வாயோடே இரும்.'

அப்புறம் தினமும் மொட்டைமாடியில் பயிற்சி. எப்போதோ ஒரு பேச்சுப் பயிற்சியாளர் சொல்லிக்கொடுத்ததுதான். உதட்டை இறுக்கக் கூடாது. மூச்சை மெல்ல வெளியே விட்டபடி இரண்டு உதட்டையும் லேசாகத் தொடவிட வேண்டும்.

அந்த நாளும் வந்தது. வெள்ளைச் சட்டை, முதுகெல்லாம் வேர்வை. மொட்டைமாடியில் வந்தது அங்கே வரவில்லை. ப... ப... என்று நின்றது. கோயில் முழுக்க மின்விசிறிச் சத்தம் மட்டும். ஆனால் எப்போதும்போல் தலையைக் குனியவில்லை. பேராயரின் முகத்தையே பார்த்தேன், அவரும் அவசரப்படாமல் பார்த்துக்கொண்டிருந்தார். முழுப் பேரையும் நானேதான் சொல்லி முடித்தேன். முழங்கால் போட்டதும் தலைமேல் அவர் கை இறங்கியது. நல்ல கனமான, சூடான கை. 'உன்னைப் பேர்சொல்லி அழைத்தேன்; நீ என்னுடையவன்' என்ற ஏசாயா வசனம் அந்த நேரம் என் காதுக்குள் கேட்டது. திக்குவாயன் என்று ஊர் வைத்த பேரைக் கர்த்தர் ஒருநாளும் சொல்லிக் கூப்பிட்டதில்லை.

அடுத்த மாதம் வேதபாடம் வாசிப்பவர்கள் பட்டியலில் என் பேரும் இருக்கிறது, நானே கேட்டு வாங்கியது. 'பழைய ஏற்பாட்டுப் பாடம்' என்று அறிவித்துத்தான் வாசிப்பைத் தொடங்க வேண்டும்.