ஆமெட்ஸோஃபே மலையில ஒரு பாஷை

முதல்ல அந்த பேக் சார்ஜ் விஷயத்தை சொல்லிடறேன், இன்னும் வயிறு எரியுது. கானாவுல ஹோ டவுன்ல இருந்து ஆமெட்ஸோஃபேங்கிற மலை ஊருக்குப் போற ட்ரோட்ரோங்கிற ஷேர் வேன்ல, கண்டக்டர் பையன் என் ஒரே ஒரு பேக்குக்கு கிட்டத்தட்ட டிக்கெட் அளவு காசு கேட்டான். அக்ராவுலயே பாதி பட்ஜெட் காலி, வேற வண்டியும் இல்ல, கொடுத்துட்டேன்.

மேல போய் சாப்பிட்டதும் கோவம் பாதி இறங்கிடுச்சு. இந்த மலையைச் சுத்தி இருக்கிற அவாட்டிமே மக்களோட ஊர்கள்ல விளையற சிவப்பரிசிச் சோறு, கூட கெட்டியா நிலக்கடலைக் குழம்பு, ரெண்டு தடவை வாங்கி சாப்பிட்டேன். கடைக்கார அம்மாகிட்ட "அக்பே"ன்னு நன்றி சொன்னா, சிரிச்சுட்டு "அது எவே, எங்க பாஷை சியா"ன்னாங்க. எனக்கு தூக்கிவாரிப் போட்டுச்சு, ஏன்னா இந்த ஊர் இருக்கிற வோல்ட்டா ரீஜன்னாலே எவே பாஷைதான்னு நம்பித்தான் வந்தேன்.

சியா பேசறவங்க சுமாரா 15,000 பேர்தான். எவேக்கும் இதுக்கும் அமைப்பே வேற, இதுல ஒருமை பன்மைக்கு வார்த்தையோட முன்பக்கம் மாறுது, எவேல அப்படி கிடையாது. 19ஆம் நூற்றாண்டுல ஜெர்மனியில இருந்து வந்த ப்ரெமன் மிஷன் பாதிரிங்க சர்ச்சுக்கும் ஸ்கூலுக்கும் எவேயைத்தான் எடுத்துக்கிட்டாங்க. இன்னிக்கு கவர்மென்ட் ஸ்கூல்ல சொல்லிக்கொடுக்கிற கானா பாஷைகள் லிஸ்ட்ல எவே இருக்கு, சியா இல்ல. இது சுத்த அநியாயம்னுதான் சொல்லுவேன். வீட்டுல பேசற பாஷைல ஒரு எழுத்துகூட படிக்காம ஒரு குழந்தை ஸ்கூல் முடிக்குது.

சாயங்காலம் சர்ச் வாசல்ல நின்னேன். உள்ள பாட்டு பிரார்த்தனை எல்லாம் எவே. முடிஞ்சு படி இறங்கினதும் பாட்டிங்க சியாவுல சளசளன்னு ஆரம்பிச்சாங்க, ஆனா கைல பிடிச்சிருந்த பேரப்பிள்ளைங்கள அதட்டினது எவேல. கடைக்கார அம்மாகிட்ட கேட்டா, "ஹோவுல வேலை கிடைக்கணும்ல, மார்க்கெட்ல பேசணும்ல"ன்னாங்க. தப்பு சொல்ல முடியல, கஷ்டமா இருந்துச்சு.

கெமி மலை ஏறினேன், உச்சில பெரிய இரும்புச் சிலுவை, வியூ பிரமாதம், கண்டிப்பா போங்க.

திரும்பறப்போ அதே வேன், அதே பையன், அதே பேக் சார்ஜ். வழியனுப்ப வந்த கடைக்கார அம்மா ஜன்னல்கிட்ட வந்து சியாவுல என்னமோ நாலு வார்த்தை சொன்னாங்க. பையன் முகமே மாறி, அதே பாஷைல தலை குனிஞ்சு பதில் சொல்லிட்டு, என் பையை தூக்கி சீட்டுக்கு அடியில வச்சான், காசு கேட்கவே இல்ல.