இரட்டைக் கொம்பு எப்போது வரும்?

மார்ச் 8, 2025, சனி, யீஷூன், சிங்கப்பூர்

பாலர்பள்ளிப் பிள்ளைகளுக்காக நான் உருவாக்கும் தமிழ் எழுத்து விளையாட்டின் முதல் கட்டம் இன்று ஓடத் தொடங்கியது. திரையில் மூன்றே எழுத்துகள்: ட, ப, ம. ஒலியைக் கேட்டு உரிய எழுத்தைத் தொட வேண்டும். ட, ப இரண்டும் நேர்கோடுகள், ஐந்து வயதுக் கண்ணுக்குக் குழப்பமில்லை. கூடவே ம் ஒன்றைக் கொடுத்தால் ‘படம்’ வந்துவிடும். முதல் நாளே ஒரு சொல்லைப் படித்த மகிழ்ச்சியோடு பிள்ளை எழுந்து போகலாம். 247 என்ற எண்ணைச் சொல்லி மிரட்டுவதில் எனக்கு உடன்பாடே இல்லை.

தவறான எழுத்தைத் தொட்டால் சிவப்புப் பெருக்கல் குறி வராது. தொட்ட எழுத்து தன் ஒலியைச் சொல்லும், அவ்வளவுதான். நேரக் கணக்கும் கிடையாது. படிக்கப் பழகும் பிள்ளையை விரட்டக் கூடாது.

மார்ச் 12, புதன்

ஒலிப்பதிவு. தோழி குரல் கொடுத்தாள். எங்கள் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டில் ரயில் சத்தம் கேட்காத நேரம் பார்த்துப் பதிவு செய்தோம்.

க், ட், ப் மூன்றையும் தனியே நீட்டி ஒலிக்க வழியில்லை. ‘இக்’, ‘இட்’ என்று முன்னால் ஓர் இகரம் ஒட்டிக்கொள்கிறது. இக்கும் ஆவும் சேர்ந்தால் ‘கா’ என்று சொன்னால் பிள்ளையின் காது எப்படி நம்பும்? ம், ல், ன் அப்படியல்ல, இழுத்து ஒலிக்கலாம். ம்ம்ம்… ஆ… மா! ஆகவே எழுத்துக் கூட்டும் ஆட்டத்தை இவற்றிலிருந்துதான் தொடங்கப்போகிறேன். வல்லினம் பிறகு வரட்டும்.

‘பம்பரம்’ சொல்லை மட்டும் பலமுறை கேட்டுப் பார்த்தோம். முதல் ப வன்மையாக ஒலிக்கிறது. ம் அடுத்து வரும் ப மென்மையாகிவிடுகிறது. தனித்தனி எழுத்தொலிகளை ஒட்டவைத்தால் யாரும் பேசாத ஒரு சொல்தான் கிடைக்கிறது. எனவே ஒவ்வொரு சொல்லையும் முழுதாகவே பதிவு செய்கிறோம். வேலை கூடத்தான் செய்யும், ஆனாலும் வீட்டில் தமிழ் குறைவாகக் கேட்கும் பிள்ளைக்கு இந்த ஒலிதானே முன்மாதிரி?

மார்ச் 16, ஞாயிறு

பள்ளி விடுமுறை. அண்ணன் மகள் வந்திருந்தாள். ‘மா’, ‘மீ’ இரண்டையும் தடுமாறாமல் தொட்டாள். ‘மே’ வந்ததும் விரல் இரட்டைக் கொம்பின்மேல் நின்றுவிட்டது.

“இதற்கு என்ன சத்தம், அத்தை?”

அவள் கேட்டது நியாயமான கேள்வி. ஆங்கில வகுப்பில் இடமிருந்து வலமாக ஒவ்வோர் எழுத்துக்கும் ஒலி கொடுத்துச் சேர்க்கப் பழகியிருக்கிறாள். தமிழிலோ ஏகார ஒலி பின்னால் வர, அதன் குறி முன்னால் போய் நிற்கிறது. ஆங்கில ஒலிப்பு விளையாட்டுகளைப் பார்த்து அப்படியே தமிழுக்குச் செய்தால் இடிபடும் இடம் இதுதான். சிங்கப்பூர்ப் பிள்ளைகள் இரண்டையும் ஒரே வயதில் படிக்கிறார்கள். இதைக் கவனிக்காத விளையாட்டால் அவர்களுக்குப் பயனில்லை.

இரவே மாற்றினேன். முதலில் ம் ஒலியோடு எழுத்து நிற்கும். ‘ஏ’ ஒலிக்கும்போது கொம்பு வலப்பக்கமிருந்து வந்து, எழுத்தைத் தாண்டி, இடப்பக்கம் போய் நிற்கும். அப்போதுதான் ‘மே’ என்ற குரல். கணினி எழுத்துகளைச் சேமிக்கும் ஒருங்குறியிலும் (யூனிகோடு) மெய்யெழுத்தின் குறியீடே முதலில், கொம்பு அதற்குப் பின்தான். கணினிக்குள் ஏற்கெனவே ஒலியின் வரிசை இருக்கிறது, திரையில்தான் அது மறைந்துவிடுகிறது. கொம்பைத் தனியாகத் தட்டச்சு செய்தால் பக்கத்தில் புள்ளி வட்டம் வந்து ஒட்டிக்கொள்வதால் அதைப் படமாகவே வரைந்து சேர்த்தேன்.

மார்ச் 22, சனி

பாலர்பள்ளி ஆசிரியை ஒருவரிடம் காட்டினேன். கொம்பு நடந்து போவதை இரண்டு மடங்கு மெதுவாக்கச் சொன்னார், மாற்றிவிட்டேன். ‘மொ’, ‘மோ’ எப்போது என்று கேட்டார். அங்கே எழுத்தின் இருபுறமும் குறி நிற்கும். இரண்டும் ஒரே நொடியில் வந்து சேர வேண்டும் என்பது என் எண்ணம். ஒன்றன்பின் ஒன்றாக வந்தால் ‘மெ’, ‘மா’ என்று பிரித்துப் படித்துவிடுவார்கள். உகர வரிசை கடைசியில்தான். கு, சு, து என்று ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு வளைவு, அவற்றைக் கூட்டிப் படிக்க வைக்காமல் முழு எழுத்தாகவே பழக்க வேண்டும். நாளை ஓகாரம்.