பானட் இடுக்கில் காற்று எந்தப் பக்கம் ஓடுகிறது? அளந்து பார்த்த அனுபவம்

எஞ்சின் சூடு எளிதாக வெளியேறட்டும் என்று, பானட்டின் பின் விளிம்பைக் கீல்களுக்கு அடியில் வாஷர் வைத்துச் சுமார் 15 மி.மீ. உயர்த்தியிருந்தேன். கார் நிற்கும்போது அந்த இடுக்கில் கை வைத்தால் வெப்பம் மேலெழுவது நன்றாகவே தெரிந்தது. ஓடும்போதும் அப்படித்தானா என்ற ஐயமே இந்தச் சோதனைகளைத் தொடங்க வைத்தது.

முதலில் விரல் நீளக் கம்பளி நூல் துண்டுகளைக் கார் முழுவதும் டேப்பால் ஒட்டி, நண்பர் ஓட்ட, பக்கத்தில் வேறொரு காரில் சென்று படம் பிடித்தேன். பானட்டின் முன்பாதியிலும் கூரையிலும் நூல்கள் சீப்பால் வாரியதுபோல் பின்னோக்கிப் படிந்திருந்தன. வைப்பர் அருகே அவை சுழன்றன. பின்கண்ணாடியில் சில துண்டுகள் காற்றின் போக்குக்கு எதிராக மேல்நோக்கி நிமிர்ந்து நின்றன. ஆனால் நூல் காற்றின் திசையைத்தான் காட்டும். அழுத்தம் கூடியதா குறைந்ததா என்பதை அதிலிருந்து அறிய முடியாது.

ஆகவே நிறமேற்றிய நீரை ஒளிபுகும் குழாயில் நிரப்பி, யு வடிவ அழுத்தமானி ஒன்றைச் செய்தேன். மணிக்கு 80 கி.மீ. வேகத்தில் எதிர்காற்று முழுவதுமாகத் தடுக்கப்படும் இடத்தில் கூடும் அழுத்தம் ஏறக்குறைய 300 பாஸ்கல், அதாவது 30 மி.மீ. நீர்மட்ட வேறுபாடு. வேகம் பாதியானால் அது கால் பங்காகிவிடும் என்பதால் 80க்குக் குறைந்து அளப்பதில் பயனில்லை. குழாயின் இரு கைகளையும் காரின் குறுக்கே அமைத்தேன். நீளவாக்கில் அமைத்தால் வேகம் கூட்டும்போதும் பிரேக் பிடிக்கும்போதும் நீர் ஒரு பக்கம் சாய்ந்து பொய்யான அளவைக் காட்டும்.

முதல் நாள் உழைப்பு முழுவதும் வீணானது. ஒரு கையின் முனையை மூடிய பாட்டிலோடு இணைத்து, அதனுள் அடைபட்ட காற்றையே ஒப்பீட்டு அழுத்தமாக வைத்திருந்தேன். பாட்டில்மீது வெயில் பட்டதும், கார் நகராமலேயே நீர்மட்டம் ஏறத் தொடங்கியது. அடைபட்ட காற்று 1 டிகிரி செல்சியஸ் சூடேறினாலே அதன் அழுத்தம் சுமார் 340 பாஸ்கல் கூடும். நான் அளக்க வந்த அழுத்தத்தைவிட அது பெரிது. போதாததற்கு, சாலை 10 மீட்டர் மேடேறினால் வெளியழுத்தமும் 120 பாஸ்கல் அளவுக்குக் குறையும். எனவே பாட்டிலைக் கைவிட்டு, ஒரு முனையை எஞ்சின் அறைக்குள்ளும், மற்றொன்றை நடுவில் துளையிட்ட மெல்லிய ரப்பர் வட்டின் வழியாகப் பானட்டின் மேற்பரப்பிலும் பொருத்தி, இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை மட்டும் அளந்தேன்.

வட்டு பின் விளிம்பை ஒட்டியிருந்தபோது, எஞ்சின் அறையைவிட வெளியே 5 மி.மீ. கூடுதல் அழுத்தம் இருந்தது. நான்கு ஓட்டங்களிலும் இதே முடிவுதான். அப்படியானால் நான் திறந்துவைத்த இடுக்கு வழியாக ஓட்டத்தின்போது சூடு வெளியேறவில்லை. வெளிக்காற்றுதான் உள்ளே புகுந்துகொண்டிருந்தது. முன்கண்ணாடி எழும்பும் மூலையில் காற்று வேகமிழந்து மேலே திரும்புகிறது. வேகம் குறையும் இடத்தில் அழுத்தம் ஏறுகிறது. பயணிகள் அறைக்குப் புதுக்காற்று எடுக்கும் வாயிலைப் பெரும்பாலான கார்களில் அந்த மூலையில் வைப்பதும் இதனால்தான். வட்டை முன் விளிம்புக்குச் சற்றுப் பின்னால், காற்று வளைந்து விரைந்தேறும் இடத்துக்கு நகர்த்தியதும் நிலைமை தலைகீழாகி, உள்ளேயிருப்பதைவிட வெளியே 9 மி.மீ. குறைவாக இருந்தது. சூடு வெளியேறத் துளையிட வேண்டிய இடம் அதுவே.

பின்கதவை அளக்க, முனை அடைத்துப் பக்கவாட்டில் துளைகளிட்ட குழாயொன்றைக் கூரைக்கு மேல் உயரமான கம்பியில் கட்டி, அதை ஒப்பீடாகக் கொண்டேன். அங்கே அழுத்தம் வெறும் 5 மி.மீ. குறைவு. எண் சிறிதுதான், ஆனால் 1 சதுர மீட்டர் பரப்பு முழுவதும் அப்படியே இருந்தால், 5 கிலோ எடைக்கு நிகரான விசை காரை ஓயாமல் பின்னுக்கு இழுக்கிறது என்று பொருள். அதை வெல்ல மட்டும் எஞ்சின் 1 கிலோவாட்டுக்குச் சற்று அதிகமான திறனைச் செலவிட வேண்டும்.

வாஷர்களைக் கழற்றிப் பானட்டைப் பழையபடி இறக்கிவிட்டேன். அடுத்ததாகக் கூரையின் பின் விளிம்பில் 8 செ.மீ. நீளும் அட்டையை ஒட்டி, பின்கதவின் அழுத்தம் எவ்வளவு மீள்கிறது என்று அளக்கப் போகிறேன். 1 மி.மீ. மாற்றமும் கண்ணுக்குத் தப்பாமல் 5 மி.மீ. நகர்வாகத் தெரியும்படி, சாய்வான குழாய் ஒன்று தயாராகிக்கொண்டிருக்கிறது.