இதுல எவரெஸ்ட் எது?

எவரெஸ்ட் பேஸ் கேம்ப்பில் நின்றால் எவரெஸ்ட் உச்சி தெரியாது. புறப்படும் முன்பே இது எனக்குத் தெரியும். நாத்தனாருக்கும் தெரியும். படம் எடுக்க அங்கே வரிசையில் நின்ற அத்தனை நாட்டுக்காரர்களுக்கும் தெரியும். தெரியாதது எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவுக்கு மட்டும்தான்.

அன்று சாயங்காலம், பேஸ் கேம்ப்புக்கு முந்தைய கடைசித் தங்குமிடமான கோரக் ஷெப்பில், விடுதியில் வைஃபை கார்டு வாங்கி, சுரண்டி, விறைத்த விரலால் எண்ணைத் தப்புத் தப்பாக அடித்து, ஒருவழியாகச் சில படங்களை ஏற்றினேன். 5164 மீட்டர் உயரத்தில் ஒரு படம் போய்ச் சேருவதற்குள் இஞ்சி டீ ஆறி ஜில்லென்று ஆகிவிடுகிறது. முதல் பதில் மாமியாரிடமிருந்து, வழக்கம்போலக் குரல் பதிவாக.

“ரொம்ப சந்தோஷம்மா. படம் நல்லா இருக்கு. இதுல எவரெஸ்ட் எது?”

“இங்கேருந்து தெரியாது அத்தை, மறைஞ்சிருக்கும்.”

“மேகமா?”

“மேகம் இல்லை அத்தை. முன்னால வேற மலை நிக்குது.”

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. சரி, புரிந்துவிட்டது என்று ஷூவைக் கழற்றக் குனிந்தேன். அப்புறம் வந்தது அடுத்த பதிவு: “கொஞ்சம் தள்ளி நின்னு எடுத்திருக்கலாமே.”

அத்தைக்கு எப்படிச் சொல்வது? முன்னால் நிற்பது எவரெஸ்டின் மேற்குத் தோளும் நுப்ட்சேயும். நுப்ட்சே ஒன்றே 7861 மீட்டர். அதைச் சுற்றிக்கொண்டு தள்ளி நிற்பதென்றால் எந்த ஊர் வரைக்கும் தள்ளி நிற்பது? இதில் கொடுமை என்னவென்றால், எவரெஸ்ட் கீழேதான் நன்றாகத் தெரியும். நாம்சே பஜாருக்கு ஏறும் வழியில், பைன் மரங்களுக்கு நடுவே ஓர் இடத்தில் முதன்முதலாக எட்டிப் பார்க்கும். தெங்போசே மடாலத்து வாசலில் நின்றாலும் நுப்ட்சே, லோட்சே முகடுகளுக்குப் பின்னாலிருந்து தலையை மட்டும் காட்டும். கிட்டப் போகப் போகக் காணாமல் போய்விடும். கடன் வாங்கிய உறவினர் மாதிரிதான்.

அடுத்து சித்தி வந்தார். “கேம்ப்னு சொன்னீங்க, ஒரு கூடாரத்தையும் காணோமே?” இதுவும் நியாயமான கேள்வி. மஞ்சள் கூடாரங்கள் வரிசையாக நிற்கும் படங்களெல்லாம் ஏப்ரல், மே மாதத்தில் எடுத்தவை. உச்சிக்கு ஏறுகிறவர்கள் அப்போதுதான் பெரும்பாலும் வருவார்கள். நாங்கள் போனது தீபாவளி முடிந்த கையோடு. கல், ஐஸ், கல்லுக்கு அடியில் ஐஸ், பிரார்த்தனைக் கொடிகள், 5364 மீட்டர் என்று பெயிண்டால் எழுதிய ஒரு பாறை, அவ்வளவுதான். ஆகமொத்தம், எவரெஸ்ட் பேஸ் கேம்ப்பில் எவரெஸ்டும் இல்லை, கேம்ப்பும் இல்லை. வீட்டுக்காரர் எல்லாவற்றுக்கும் ஒரு கட்டைவிரல் போட்டுவிட்டு நகர்ந்துவிட்டார்.

பிறகு பெரிய மாமா. பூகோள வாத்தியார் ரிட்டயரானாலும் பூகோளம் அவரை விட்டு ரிட்டயர் ஆகவில்லை. நான் படத்துக்குக் கீழே 8848.86 என்று போட்டிருந்தேன். “நான் 8848னுதான் பாடம் நடத்தினேன். அந்த 86 சென்டிமீட்டர் எப்ப வளர்ந்துச்சு?” என்று கேட்டார். 2020 டிசம்பரில் நேபாளமும் சீனாவும் சேர்ந்து புதிதாக அளந்து அறிவித்தார்கள் மாமா என்றேன். “அளக்கறதைப் பத்தி நமக்கா சொல்றே? இந்தியாவை அளக்க ஆரம்பிச்சதே நம்ம பரங்கிமலையில. 1802, லாம்ப்டன்னு ஒரு வெள்ளைக்காரர்” என்று தொடங்கினார். வைஃபை கார்டில் அளவு உண்டு, மாமாவுக்கு இல்லை. அவர் 1852க்கு வந்து, சர்வே அலுவலகத்து ராதாநாத் சிக்தார் கணக்குப் போட்டு, அது வரைக்கும் சிகரம் 15 என்று பெயரில்லாமல் கிடந்த மலைதான் உலகத்திலேயே உயரம் என்று கண்டுபிடிக்கும் நேரத்தில் என் கார்டு தீர்ந்துவிட்டது.

இவ்வளவு கேள்வி கேட்டவர்களில் ஒருவராவது ‘எப்படிம்மா மூச்சு விடுறீங்க?’ என்று கேட்டார்களா? அங்கே காற்றில் கிடைக்கும் ஆக்ஸிஜன் கடல் மட்டத்தில் கிடைப்பதில் கிட்டத்தட்டப் பாதிதான். திரும்பிப் படுத்தாலே மூச்சு வாங்கும். மூவாயிரம் மீட்டரைத் தாண்டினால் படுக்கும் இடத்தை ஓர் இரவுக்கு 500 மீட்டருக்கு மேல் உயர்த்தக் கூடாது என்பது கணக்கு. அதனால்தான் வழியில் இருக்கும் நாம்சேயிலும் டிங்போசேயிலும் கூடுதலாக ஓர் இரவு தங்கச் சொல்கிறார்கள். தங்குவதென்றால் சும்மா படுத்திருப்பது இல்லை. பக்கத்து மேட்டில் ஏறிப் பார்த்துவிட்டு இறங்கி வந்து தூங்க வேண்டும். ஏறின மேட்டை ஏன் இறங்க வேண்டும், இறங்குவதை ஏன் ஏற வேண்டும் என்று நாத்தனார் கைடிடம் ஹிந்தியில் வாதாடினாள். அவர் மெதுவாக, மெதுவாக என்று மட்டும் சொன்னார். மலையைப் பற்றியா அவள் ஹிந்தியைப் பற்றியா, தெரியவில்லை.

லோபுசேயில் சாப்பாட்டுக் கூடத்தின் நடுவே காய்ந்த யாக் சாணம் எரியும் அடுப்பு. அதைச் சுற்றி உட்கார்ந்து எல்லாரும் ரத்தத்தில் ஆக்ஸிஜன் எத்தனை சதவீதம் என்று காட்டும் ஆக்ஸிமீட்டரை விரலில் மாட்டிக்கொள்வார்கள். வீட்டில் 90 என்று காட்டினால் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டிருப்போம். இங்கே 82 எடுத்தவருக்கு வாழ்த்து, 78க்கு ஆறுதல். தினம் ஓட்டப் பயிற்சி செய்கிறவர் என்று முதல் நாளே எல்லாரிடமும் சொல்லிக்கொண்ட ஒருவர் 74 வாங்கிவிட்டு, விரல் ஜில்லென்று இருப்பதால்தான் என்று தேய்த்துத் தேய்த்துப் பார்த்தார். நாத்தனாருக்கு 86. நம் வீட்டில் இரண்டாவது மாடிக்குக் காய்கறிப் பை தூக்க மாட்டேன் என்கிறவளுக்கு! அந்த 86ஐ அன்று ராத்திரி முழுக்கக் கேட்டேன்.

ராத்திரி என்றதும் ஞாபகம் வருகிறது. குளிரில் பேட்டரி செத்துவிடும் என்பதால் போன், பவர் பேங்க், கேமரா எல்லாவற்றையும் தூக்கப்பைக்குள் போட்டுக்கொண்டுதான் படுக்க வேண்டும். தண்ணீர் பாட்டிலையும் உள்ளே வைக்காவிட்டால் காலையில் ஐஸ்தான் கிடைக்கும். இதெல்லாம் எல்லாரும் செய்வது. நாத்தனார் இதோடு தேங்காய் எண்ணெய் பாட்டிலையும் வைத்துக்கொண்டாள். காத்மாண்டுவிலேயே உறைந்துபோன எண்ணெய் அது. ராத்திரி முழுக்க வயிற்றோடு அணைத்து உருக்கி, விடிகாலையில் பிளைவுட் தடுப்பு அறைக்குள், நெற்றி விளக்கின் வெளிச்சத்தில், நாலு சொட்டு உள்ளங்கையில் ஊற்றித் தலையில் தேய்ப்பாள். தேய்த்துக்கொண்டிருக்கும்போதே முடி நுனியில் வெள்ளையாகத் திரும்ப உறையும். “தலை கதகதன்னு இருக்கு அண்ணி” என்பாள். எனக்கும் நீட்டுவாள். உயரம் ஒத்துக்கொள்வதற்கான டயமாக்ஸ் மாத்திரை போட்டு விரல் நுனியெல்லாம் குறுகுறுத்துக்கொண்டு, ஐந்தாவது தடவை கழிப்பறைக்குப் போவதா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருக்கும் ஒருத்திக்கு எண்ணெய்!

விலைவாசியைப் பற்றி எழுத ஆரம்பித்தால் முடியாது. ரோடு கிடையாது. அரிசி, கேஸ் சிலிண்டர், கழிப்பறைக் காகிதம் எல்லாம் ஒருவர் முதுகிலோ கோவேறு கழுதை முதுகிலோ யாக் முதுகிலோதான் ஏற வேண்டும். அதனால் உயரம் கூடக் கூட விலையும் கூடும். தன் உடம்பைப் போல ஒன்றரை மடங்கு உயரத்துக்கு மூட்டை கட்டி, நெற்றியில் பட்டை மாட்டி ஏறுகிறவர்களைப் பார்த்தபிறகு வெந்நீருக்குப் பேரம் பேச வாய் வரவில்லை. நாத்தனாருக்கு வந்தது. நூறு இந்திய ரூபாய்க்கு நூற்று அறுபது நேபாள ரூபாய் என்பதால் எதைக் கேட்டாலும் 1.6ஆல் வகுத்து, “அப்பாடா, கம்மிதான்” என்று சொல்லிக்கொண்டே வந்தாள். கோரக் ஷெப்பில் போன் சார்ஜுக்குக் கேட்ட தொகையை வகுத்தபிறகும் கம்மியாகவில்லை.

ஓர் இடத்தில் மட்டும் அவளும் கணக்குப் பார்க்கவில்லை. துக்லாவுக்கு மேலே மூச்சு முட்ட ஏறி முடித்ததும், மலைகளில் இறந்தவர்களுக்காகக் கட்டிய கல் மேடைகள் அந்த மேடு முழுக்க நிற்கும். பாபு சிரி ஷெர்பாவுக்கு ஒன்று இருக்கிறது. 1999இல் எவரெஸ்ட் உச்சியில் ஆக்ஸிஜன் உருளை இல்லாமல் 21 மணி நேரம் இருந்தவர், 2001இல் அதே மலையில் போய்விட்டார். நாத்தனார் கையுறையைக் கழற்றிவிட்டு ஒவ்வொரு பலகையாகப் படித்தாள். போகலாம் என்று கைடு சொல்லும் வரை நகரவில்லை.

சரி, குழுவுக்கு வருவோம். எவரெஸ்டைக் காட்டாமல் ஊர் திரும்ப முடியாது என்று தெரிந்துவிட்டது. எனவே மறுநாள் விடியும் முன்பே காலா பத்தர் ஏறினோம். 5500 மீட்டரைத் தாண்டிய மேடு அது. மூக்குச் சளி உறைகிற குளிர். அங்கே எவரெஸ்ட் தெரிகிறது, சத்தியமாகத் தெரிகிறது. ஆனால் காலையில் சூரியன் அதற்குப் பின்னாலிருந்துதான் எழும்புவார். எதிர்வெளிச்சம். போதாததற்கு உச்சியில் அடிக்கும் காற்று பனியைத் துடைத்துவிடுவதால் மலை கறுப்பாகத்தான் நிற்கும். பக்கத்தில் நுப்ட்சே, கிட்டத்தில் இருப்பதால், வெள்ளை வெளேரென்று அதைவிட உயரமாகத் தெரியும். கீழே வந்து இன்னொரு கார்டு வாங்கிப் படத்தை அனுப்பினேன்.

“வலது பக்கம் வெள்ளையா இருக்கே, அதுதானே?” என்றார் சித்தி. இல்லை சித்தி, அதுக்கு இடது பக்கம். “அந்தக் குட்டையா?” என்றார் அத்தை. பெரிய மாமா தூரம், கோணம், பார்வை மயக்கம் பற்றி ஒரு நீண்ட பதிவு போட்டார். கேட்டு முடித்த அத்தை, “அவர் என்னமோ சொல்றார். நீ பத்திரமா இறங்கி வாம்மா, பாக்காட்டி போகுது” என்றார். பார்த்துவிட்டேன் அத்தை, படமே அனுப்பியிருக்கிறேனே! “பாக்காததுல தப்பே இல்லை” என்று மாமாவும் சேர்ந்துகொண்டார். “சர்வேயர் ஜெனரலா இருந்த ஜார்ஜ் எவரெஸ்டே 1843ல ஊருக்குப் போயிட்டார். மலைக்கு அவர் பேரை வச்சது 1865ல. அவரே பாத்ததில்லைன்னுதான் சொல்வாங்க.”

இறங்கும் வழியில், நாம்சேயில் ஒழுங்கான வைஃபை கிடைத்ததும், மிச்சப் படங்களை மொத்தமாக ஏற்றினேன். அதில் தெங்போசேயில் நாங்கள் இருவரும் நிற்கிற படம் ஒன்று. பின்னால் அமா தப்லாம். 6812 மீட்டர்தான், எவரெஸ்டைவிட இரண்டாயிரம் மீட்டர் குறைவு. ஆனால் மலை என்றால் எப்படி இருக்க வேண்டுமென்று குழந்தைகள் படம் போடுவார்களோ, அப்படியே இருக்கும். கூரான உச்சி, இரண்டு பக்கமும் கை விரித்தது போல முகடு, உடம்பெல்லாம் பனி. போட்டு அரை மணி நேரத்தில் அத்தையின் முகப்புப் படம் மாறிவிட்டது. வட்டத்துக்குள் அமா தப்லாம், அதன் முன்னால் நான். கீழே யாரையோ விட்டுத் தட்டச்சு செய்து போட்டிருந்தார்: ‘எவரெஸ்டில் என் மருமகள்.’

கல்யாணமான நாளிலிருந்து என் சாம்பாரில் உப்பைத் தவிர வேறெதையும் கவனித்துச் சொன்னதில்லை அத்தை. நான் அந்த வட்டத்தைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டே இருந்தேன். தோளுக்குப் பின்னாலிருந்து நாத்தனாரும் பார்த்தாள்.

மலை வட்டத்துக்குள் அடங்க வேண்டுமென்றால் படத்தின் இடது பக்கத்தை வெட்ட வேண்டும். இடது பக்கம் நின்றது அவள். சிவப்புக் குளிர்கோட்டின் முழங்கை மட்டும் மிச்சமிருந்தது.

“பெத்த பொண்ணு அண்ணி நான். 86 எடுத்தவ!”

அதிலிருந்து பேச்சுவார்த்தை இல்லை. இதை எழுதும்போது லுக்லா விமான நிலையத்தில் கிடக்கிறோம். காலையிலிருந்து பள்ளத்தாக்கு முழுக்க மேகம். எங்களை ஏற்றிப்போக விமானம் வர வேண்டிய ராமேசாப்பிலிருந்து ஒன்றும் கிளம்பவில்லை. லுக்லா ஓடுபாதையே 527 மீட்டர்தான், அதுவும் சரிவாக, ஒரு முனையில் மலைச்சுவர், மறு முனையில் பள்ளம். இதில் கண் தெரியாமல் இறங்கு என்று யாரையும் வற்புறுத்த முடியாது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் எங்கள் கவுன்டரில் இருப்பவர், கேட்கும்போதெல்லாம், இன்னும் அரை மணி நேரம் என்கிறார். அந்த அரை மணி நேரம் விடிந்ததிலிருந்து நடக்கிறது.

சும்மா இருக்க முடியாமல் நாத்தனார் இப்போதுதான் குழுவில் போட்டாள்: “அம்மா, அது எவரெஸ்ட் இல்லை. அமா தப்லாம். அண்ணிகிட்ட வேணும்னா கேளு.” எல்லாரும் பார்த்துவிட்டதாக நீலக் கோடு வந்துவிட்டது. வீட்டுக்காரர் வழக்கம்போலக் கட்டைவிரல். மாமா ‘6812’ என்று மட்டும் எழுதினார். அத்தையின் பதிவு கடைசியாக வந்தது. நாத்தனார் ஒலியைக் கூட்டி, நான் கேட்க வேண்டுமென்றே போட்டாள்.

“உனக்குப் பொறாமைடி.”

என்னைக் கேட்டால் என்ன சொல்வதென்று இன்னும் முடிவு செய்யவில்லை. கேட்கட்டும், பார்க்கலாம். வைஃபை கார்டில் கொஞ்சம்தான் மிச்சம்.